கோல்ஃப் மைதானம் வாங்கிய பள்ளி மாவட்டம்

1958-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டிய புறநகரில் இருந்த பெல்லரீவ் என்ற பணக்காரர்களின் கோல்ஃப் கிளப், இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் மேற்கே போக முடிவு செய்தது. 128 ஏக்கர் புல்வெளி, நடுவில் பெரிய கிளப் கட்டடம். இப்படி ஓர் இடம் விலைக்கு வந்தால் மனை போட்டு விற்பவர்கள்தான் முந்திக்கொள்வார்கள். ஆனால் இதை வாங்கியது அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களை நடத்தி வந்த நார்மண்டி பள்ளி மாவட்டம். விலை ஆறு லட்சம் டாலர். ஊர் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். பள்ளிப் படிப்பு முடிக்கும் பிள்ளைகள் கல்லூரிக்காக வெளியூர் போகக்கூடாது, பக்கத்திலேயே ஒரு கல்லூரி வேண்டும் என்பதுதான் எண்ணம்.

1960-ல் அந்தக் கிளப் கட்டடத்திலேயே இருநூற்றுச் சொச்சம் மாணவர்களுடன் வகுப்புகள் ஆரம்பித்தன. பாடம் நடத்தும் பொறுப்பை மிசௌரி பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 1963-ல் அதுவே மிசௌரி பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் வளாகமாக ஆனது. அப்போது பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வார்டு பார்ன்ஸ் என்பவரின் பெயரைப் பிறகு அங்கே ஒரு நூலகத்துக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்கே இடம் வாங்கிக் கொடுத்த கதை உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்!

அதே நார்மண்டி 2013-ல் மாநில அரசின் மதிப்பீட்டில் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்கு 11.1. அடுத்த வருடம் 7.1. மாநிலத்திலேயே கடைசி.

இடைப்பட்ட ஐம்பத்தைந்து வருடத்தில் என்ன நடந்தது? பள்ளிக்கூடம் கெட்டுப்போனது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் வீட்டுமனை, வரி, நீதிமன்றம், எல்லைக்கோடு என்று பல சமாச்சாரங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் வகுப்பறைக்கு வெளியே நடந்தவை.

மாவட்டம் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்பது மாநில அரசின் நிர்வாகப் பிரிவு மட்டுமே. ஆசிரியர் சம்பளம் சென்னையிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாங்கம் மாதிரி. அதற்கென்று எல்லை உண்டு, தேர்தலில் ஜெயித்து வரும் வாரியம் உண்டு, வரி போடும் அதிகாரமும் உண்டு. எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை மீதான சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகும். மாநில அரசும் மத்திய அரசும் மீதியைக் கொடுக்கும்.

இதில் உள்ள சிக்கல் சின்னக் குழந்தைக்கும் புரியும். எல்லைக்குள் பெரிய வணிக வளாகமும் மாளிகைகளும் இருந்தால் கொஞ்சம் வரி போட்டாலே பணம் கொட்டும். சின்ன வீடுகளும் மூடிய கடைகளும் மட்டும் இருந்தால் எவ்வளவு கூட்டி வரி போட்டாலும் ஒன்றும் தேறாது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ஏழைப் பகுதிப் பெற்றோர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. கல்வி என்பது மத்திய அரசியல் சட்டம் உறுதி தரும் அடிப்படை உரிமை அல்ல, ஆகவே இந்த ஏற்றத்தாழ்வில் தலையிட முடியாது என்பது அதன் சாரம். ஒரே ஒரு நீதிபதி மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காதோ என்னவோ.

ஊர் எப்படி மாறியது

செயின்ட் லூயிஸ் 1876-ல் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. சுற்றியிருந்த கிராமப் பகுதிக்கு ஏன் நம் வரியைச் செலவழிக்க வேண்டும் என்று நினைத்து, தன்னைக் கவுண்டியிலிருந்து பிரித்துக்கொண்டு எல்லையைப் பூட்டிவிட்டது. பிறகு மக்கள் அந்த எல்லையைத் தாண்டிக் குடியேறியபோது நகரத்தால் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முடியவில்லை. வெளியே குட்டிக் குட்டி நகராட்சிகள் காளான் மாதிரி முளைத்தன. செயின்ட் லூயிஸ் கவுண்டியில் மட்டும் 90 நகராட்சிகள் வரை இருந்தன. நார்மண்டி பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள் முழுதாகவோ பாதியாகவோ 24 நகராட்சிகள். பெல்-நோர், பைன் லான், பேஜ்டேல், வினிடா பார்க், கூல் வேலி என்று அழகழகான பெயர்கள். சிலவற்றில் மக்கள்தொகை சில நூறுதான். நார்மண்டி என்ற பெயரும் பிரான்சிலிருந்து வந்ததுதான். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான லூக்காஸ் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர்.

இந்தப் புறநகர்கள் வெள்ளையர்களுக்காகக் கட்டப்பட்டவை. வீட்டுப் பத்திரத்திலேயே, இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று எழுதி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரபலமான ஷெல்லி வழக்கு, செயின்ட் லூயிஸ் நகரத்தில் லபாடி அவென்யூவில் இருந்த ஒரு வீட்டைப் பற்றியதுதான். தீர்ப்பு வந்தது, ஆனால் வழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்த இன்னொரு கட்டட நிறுவனத்தின் மீதான வழக்கு 1968-ல் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வீட்டுமனையும் இதே கவுண்டியில்தான் இருந்தது. 1970-ல் வடக்குப் பக்கத்தில் எல்லா இனத்தவரும் குடியிருக்கும்படி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும், அதைத் தடுப்பதற்காகவே அப்பகுதி மக்கள் பிளாக் ஜாக் என்ற புதிய நகராட்சியை உருவாக்கி, அடுக்குமாடிக்குத் தடை போட்டார்கள். 1974-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. ஒரு கட்டடம் வராமல் தடுக்க ஒரு நகராட்சியையே உண்டாக்கும் அளவுக்கு விஷயம் போயிருந்தது.

இதே நேரத்தில் நகரத்துக்குள் கறுப்பினக் குடியிருப்புகளை அரசே இடித்துக்கொண்டிருந்தது. 1959-ல் மில் கிரீக் வேலி என்ற பகுதியைத் தரைமட்டமாக்கத் தொடங்கியபோது சுமார் 20,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். 33 அடுக்குமாடிகள் கொண்ட ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பை 1950-களில் கட்டி, 1972 முதல் 1976-க்குள் வெடிவைத்தும் இடித்தும் காலி செய்தார்கள். இத்தனை பேரும் எங்கே போவார்கள்? நகரத்தின் வடமேற்கு மூலையைத் தாண்டி, அவர்களுக்கு வீடு கிடைத்த பக்கத்துப் புறநகர்களுக்குப் போனார்கள். அதில் ஒன்று நார்மண்டி. நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று நம்பித்தான் பலர் போனார்கள்.

அவர்கள் வர வர வெள்ளையர்கள் கிளம்பினார்கள். மிசௌரி ஆற்றைத் தாண்டி செயின்ட் சார்ல்ஸ் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. 1950-ல் அங்கே மக்கள்தொகை 30,000 கூட இல்லை. 2010-ல் 3,60,000. அதே அறுபது வருடத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் மக்கள்தொகை 8,56,000-லிருந்து 3,19,000-ஆக இறங்கியது. ஆட்கள் போனபோது கடைகளும் போயின, கூடவே வீட்டு விலையும் சரிந்தது. வீட்டு விலை சரிந்தால் வரி குறையும், வரி குறைந்தால் பள்ளியின் கதி என்ன என்பது மேலே சொன்ன கணக்குத்தான். 2010-களில் நார்மண்டி மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பத்தில் ஒன்பது பேருக்கு இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு.

நீதிமன்றம் இந்தப் பிரிவினையைச் சரிசெய்ய முயலவில்லையா என்று கேட்கலாம். முயன்றது, ஆனால் எல்லைக்கோடு வந்ததும் நின்றுவிட்டது. 1974-ல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறு செய்ததாக நிரூபிக்கப்படாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இனக்கலப்புத் திட்டத்தில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. செயின்ட் லூயிஸில் மின்னி லிடெல் என்ற தாய் 1972-ல் போட்ட வழக்கு 1983-ல் ஒரு சமரசத்தில் முடிந்தது. அதன்படி நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளை 16 புறநகர் மாவட்டங்கள் பஸ்ஸில் அழைத்துப் போய்ச் சேர்த்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பயனடைந்த நல்ல திட்டம்தான். ஆனால் நார்மண்டிப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்கள் நகரத்துக்குள் வசிக்கவில்லையே! புறநகர் என்ற பெயர் இருந்தது, புறநகரின் வசதி இல்லை. நகரத்துக்குக் கிடைத்த பரிகாரமும் இல்லை.

வெல்ஸ்டன்

நார்மண்டிக்குப் பக்கத்தில் வெல்ஸ்டன் என்று இன்னும் சின்ன ஒரு பள்ளி மாவட்டம் இருந்தது. மொத்தமே சில நூறு மாணவர்கள், கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினத்தவர், மாநிலத்திலேயே மிக ஏழைப் பகுதிகளில் ஒன்று. 2005-ல் மாநில அரசே அதை எடுத்து நடத்தியது. சரிப்படவில்லை. 2010-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். கலைத்த பிறகு அந்தப் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது? கொஞ்சம் தள்ளி வசதியான, வெள்ளையர் நிறைந்த மாவட்டங்கள் இருந்தன. சேர்த்தது நார்மண்டியில்.

அப்போது நார்மண்டியே தள்ளாடிக்கொண்டிருந்தது. முழு அங்கீகாரம் இல்லாமல் பல வருடமாகத் தற்காலிக அங்கீகாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீந்தத் தெரியாதவன் முதுகில் இன்னொருவனை ஏற்றிவிட்ட மாதிரி. ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கு மாநிலக் கல்வி வாரிய உறுப்பினர் ஒருவரே பின்னாளில் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் மறைக்காமல் பதில் சொன்னார். வெள்ளையர் மாவட்டத்தோடு சேர்த்திருந்தால் பெரிய கலவரமே நடந்திருக்கும் என்ற பொருளில் பேசினார். நார்மண்டியின் கண்காணிப்பாளராக இருந்த ஸ்டான்டன் லாரன்ஸும், இந்த இணைப்புத்தான் தங்களைக் கவிழ்த்தது என்று பின்னர் எழுதினார். அவர் நிர்வாகத்தின் மீதும் குற்றச்சாட்டுகள் இருந்தன. பள்ளியில் ஒழுங்கின்மை, அடிக்கடி மாறும் தலைமை ஆசிரியர்கள், பாடத்திட்டக் குளறுபடி எல்லாம் உண்மைதான். வறுமையை மட்டும் காரணம் காட்டி அத்தனையையும் மூடி மறைக்க முடியாது. ஆனால் இரண்டு வருடத்தில், 2012 செப்டம்பரில், மாநில வாரியம் நார்மண்டியின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. ரத்து 2013 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.

திறந்த கதவு

இங்கேதான் கதை திரும்புகிறது. மிசௌரியில் 1993-ல் போட்ட ஒரு சட்டம் இருந்தது. அங்கீகாரம் இழந்த மாவட்டத்துப் பிள்ளைகள், அதே கவுண்டியிலோ பக்கத்துக் கவுண்டியிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற மாவட்டத்துக்குப் போய்ப் படிக்கலாம். செலவைப் பழைய மாவட்டம் கொடுக்க வேண்டும். ரொம்ப நாள் வழக்கில் முடங்கிக் கிடந்த இந்தச் சட்டம் செல்லும் என்று 2013 ஜூனில் மிசௌரி உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

எந்த மாவட்டத்துக்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஒரே ஒரு மாவட்டத்துக்கு மட்டும் நார்மண்டி பஸ் விட்டால் போதும். அது தேர்ந்தெடுத்தது ஃப்ரான்சிஸ் ஹோவல். ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் சார்ல்ஸ் கவுண்டியில், இருபது மைலுக்கும் மேல் தள்ளி! தூரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் போகமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நார்மண்டியை விட்டு வெள்ளையர்கள் இடம்பெயர்ந்த திசையிலேயே இப்போது பஸ் போகப்போகிறது.

2013 ஜூலை 11 அன்று ஃப்ரான்சிஸ் ஹோவல் மாவட்டத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். மைக் முன்னால் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். எங்கள் பள்ளியில் மெட்டல் டிடெக்டர் வைப்பீர்களா? போதைப்பொருள் மோப்ப நாய் வருமா? எங்கள் பிள்ளைகளைக் கத்தியால் குத்தினால் என்ன செய்வது? எங்கள் மதிப்பெண் குறைந்து எங்கள் அங்கீகாரமும் போய்விட்டால்? பள்ளி ஆரம்பிக்கும் நேரத்தை முன்னால் தள்ளி வைத்தால் அவர்கள் எழுந்து வரமாட்டார்கள் என்ற யோசனைகூட வந்தது. இதற்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று பலரும் சொல்லிக்கொண்டார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் நார்மண்டிப் பெற்றோர் சிலரும் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். 2015-ல் நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் என்ற பத்திரிகையாளர் வானொலியில் இந்த ஒலிப்பதிவைப் போட்டபோதுதான் நாடு முழுவதும் அதைக் கேட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைகள் போனார்கள். ஆகஸ்டில் நார்மண்டியின் சுமார் 4,000 மாணவர்களில் கால்வாசிப் பேர், ஏறக்குறைய ஆயிரம் பேர், வேறு மாவட்டங்களுக்கு மாறினார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் விடியும் முன் எழுந்து ஃப்ரான்சிஸ் ஹோவலுக்குப் பஸ் ஏறினார்கள். மெட்டல் டிடெக்டர் தேவைப்படவில்லை. அந்த மாவட்டத்தின் அங்கீகாரமும் எங்கும் போய்விடவில்லை.

மருந்தே நோயானது

போன பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது. ஆனால் தங்கிய மூவாயிரம் பேர்?

செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். நார்மண்டி ஒரு பிள்ளைக்குக் கட்டவேண்டிய கட்டணத்தை நிர்ணயிப்பது, அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்த மாவட்டம். ஃப்ரான்சிஸ் ஹோவலில் சுமார் 11,000 டாலர். பணக்கார மாவட்டமான கிளேட்டனில் சுமார் 20,000. ஏழை மாவட்டம் பணக்கார மாவட்டத்துக்கு, பணக்கார மாவட்டம் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும்! ஒரு வகுப்பில் 25 பேரில் ஆறு பேர் போய்விட்டால் ஆசிரியர் சம்பளத்தில் கால்வாசியைக் குறைக்க முடியுமா? கட்டடத்தைச் சூடேற்றும் செலவில்? பஸ் டீசலில்? ஒன்றிலும் முடியாது. செலவு அப்படியே இருக்க, மாதம் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வெளியே போனது.

அக்டோபரில் இந்தப் பில்லைக் கட்டமாட்டோம் என்று நார்மண்டி வாரியம் தீர்மானம் போட்டுப் பார்த்தது. மாநில அரசு பிடித்தம் செய்துகொள்ளும் என்றதும் பணிய வேண்டியதாயிற்று. பெல்-நோர் தொடக்கப் பள்ளியை மூடினார்கள். நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நடு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மூடப்பட்டது போகாமல் தங்கிய பிள்ளைகளின் பள்ளி. வேலை போனது அவர்களுடைய ஆசிரியர்களுக்கு. வருடத்தை முடிக்கவாவது பணம் வேண்டுமென்று 2014-ல் மாநிலச் சட்டமன்றம் 20 லட்சம் டாலர் கொடுத்தது.

மதிப்பெண் 11.1-லிருந்து 7.1-க்கு இறங்கியது இந்த வருடத்தில்தான். கெட்டிக்கார மாணவர்களில் பலரும், அக்கறையோடு விசாரித்துப் படிவம் நிரப்பிய பெற்றோர்களும் போய்விட்டார்கள். ஆசிரியர்கள் குறைந்தார்கள். அதன்பின் மீதிப் பேருக்குப் பரீட்சை வைத்து, பார், இன்னும் மோசம் என்று அறிக்கை வந்தது.

பெயர் மாற்றம்

மாநில வாரியம் அடுத்துச் செய்ததை எந்த அரசியல்வாதியும் பாராட்டுவார். 2014 மே மாதம் நார்மண்டி பள்ளி மாவட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தார்கள். ஜூலை 1 முதல் அதே கட்டடங்களில், அதே பிள்ளைகளோடு, நார்மண்டி ஸ்கூல்ஸ் கொலாபரேட்டிவ் என்ற புதிய அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் கிடையாது, மாநிலம் நியமித்த வாரியம். ஆசிரியர்கள் எல்லாரும் தங்கள் வேலைக்கே மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். புதிய அமைப்பு என்பதால் அதற்கு அங்கீகாரம் இல்லை என்று சொல்ல முடியாதாம். மாநிலக் கண்காணிப்பில் அங்கீகாரம் பெற்றது என்று ஒரு புதிய வகையையே கண்டுபிடித்தார்கள். அங்கீகாரம் இழந்த மாவட்டத்துக்குத்தானே இடமாற்றச் சட்டம்? ஜூனில் ஃப்ரான்சிஸ் ஹோவல் இதைப் பிடித்துக்கொண்டது. இனி நார்மண்டிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று கதவைச் சாத்தியது. ஒரு வருடம் படித்து, நண்பர்களைப் பிடித்து, விளையாட்டு அணியில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு.

பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2014 ஆகஸ்ட் 15-ல் கவுண்டி நீதிபதி, பெயரை மாற்றினாலும் நார்மண்டி அங்கீகாரம் இழந்த மாவட்டம்தான் என்று சொல்லி, வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு அனுமதி கொடுத்தார். மற்றவர்களும் தனித்தனியே நீதிமன்ற உத்தரவு வாங்கி வந்தால்தான் சேர்ப்போம் என்றது ஃப்ரான்சிஸ் ஹோவல். வக்கீல் வைக்க வழியில்லாத, விவரம் தெரியாத குடும்பங்களின் பிள்ளைகள் நார்மண்டிக்கே திரும்பினார்கள்.

அந்தத் தீர்ப்புக்கு ஆறு நாள் முன்னால், ஆகஸ்ட் 9 அன்று, பக்கத்து ஊரான ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் போலீஸ்காரர் சுட்டு இறந்தார். அதன்பின் நடந்த போராட்டங்களை உலகமே டிவியில் பார்த்தது. அவர் நார்மண்டி உயர்நிலைப் பள்ளி மாணவர். பாக்கியிருந்த பாடங்களை முடித்துப் பள்ளிச் சான்றிதழ் பெற்றது அதே மாதத் தொடக்கத்தில்தான். மகன் இறந்த இடத்தில் நின்று அவருடைய தாய் டிவி கேமரா முன் கதறியபோது சொன்னதும் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். அவனைப் படிப்பை விடாமல் பள்ளியை முடிக்க வைக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா என்று கேட்டார்.

மாநிலமே நடத்திய முதல் வருடம் எப்படிப் போனது? கண்காணிப்பாளர் 2015 ஜனவரியில் ராஜினாமா செய்தார். அந்த வருட முடிவில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, நார்மண்டியின் நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவரின் கடைசி வருடத்தைப் பற்றி எழுதியது. நிரந்தர ஆசிரியர் இல்லாத வகுப்புகள், மாற்று ஆசிரியர்கள், வெறுமே கழிந்த மணி நேரங்கள். மதிப்பெண் குறைவு என்று மாவட்டத்தைப் பறித்தவர்களால் ஒரு வருடத்தில் அதை நிமிர்த்த முடியவில்லை.

2015 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுபடியும் உறுதியாகச் சொன்ன பிறகு இடமாற்றம் தொடர்ந்தது. கட்டணத்தைச் சில மாவட்டங்கள் தாமாகவே குறைத்துக்கொண்டன. சட்டத்தைத் திருத்தச் சட்டமன்றம் 2014-லும் 2015-லும் மசோதா நிறைவேற்றியது. இரண்டையும் ஆளுநர் ஜே நிக்சன் ரத்து செய்துவிட்டார்.

அதன்பின் மெதுவாக ஏற்றம் வந்தது. சார்ல்ஸ் பியர்சன் என்ற புதிய கண்காணிப்பாளர் காலத்தில் வருகைப் பதிவும், பள்ளி முடிப்போர் எண்ணிக்கையும் கூடின. 2016-ல் மாநில மதிப்பெண் ஐம்பதைத் தாண்டியது. 2017-லும் அப்படியே. ஏழிலிருந்து ஐம்பதுக்கா என்று ஆச்சரியப்படலாம். இந்த மதிப்பெண்ணில் பரீட்சைத் தேர்ச்சி ஒரு பகுதிதான். போன வருடத்தைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு, வருகைக்கும் உண்டு. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றோர் விகிதம் மாநிலச் சராசரிக்கு வெகு கீழேதான் இருந்தது. அதனால் ஏற்றம் பொய் என்று சொல்லிவிட முடியாது. கீழே இருந்து ஏறுகிறவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. 7.1 என்பது எதைச் சொன்னது, ஐம்பது என்பது எதைச் சொல்கிறது என்பதைத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2017 டிசம்பரில் மாநில வாரியம் ஓட்டெடுப்பு நடத்தி, 2018 ஜனவரி முதல் நார்மண்டிக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது. செய்தி கேட்டு ஊரில் மகிழ்ச்சி. அங்கீகாரம் வந்துவிட்டதால் ஆற்றைத் தாண்டிப் போவதற்கான 1993 சட்டம் இனி அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 2010-ல் வெல்ஸ்டன் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தபோது நார்மண்டி வைத்திருந்ததும் இதே தற்காலிக அங்கீகாரம்தான்.